தொகுப்பானின் மூலமும் எடிற்றரின் உரையும்

மூலமொன்றை வாசிப்போன் தன் கையிலுள்ள உரை யாருடையது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மூலம் வேறு, உரை வேறு என்னும் நினைவு நீங்குமாயின் உரையாசிரியர் கருத்தே மூலத்தின் கருத்தாகிவிடும். இலக்கியங் கற்பார்க்கு நன்கு பழகிய இவ்வுண்மை, கணினிக்கு நிரல் எழுதுவோரிடத்து அத்துணைப் பழகியதன்று. அவர்களும் மூலத்தை நாள்தோறும் உரையுடனேயே வாசிக்கின்றனர். ஆயினும் உரையொன்று உண்டென்பதையே பெரும்பாலும் உணர்வதில்லை. அவர்தம் கையிலுள்ள எடிற்றரே அவ்வுரையாசிரியர்.

எடிற்றர் என்பது நிரலைத் தட்டெழுதிச் சேமித்தற்குரிய கருவி என்பது பழைய இலக்கணம். இன்றைய எடிற்றர் எழுத்துக்களைக் காட்டுவதோடு அமைவதில்லை. ஒரு சொல்லின்மீது சுட்டியை வைத்த அளவில் அச்சொல் இன்ன வகையினது என்று கூறும். அஃது எங்கே வரையறுக்கப்பட்டதோ அவ்விடத்துக்கு வாசிப்போனை அழைத்துச் செல்லும். பிழையெனக் கண்டவிடத்துச் செங்கோடு இடும். வழக்கில் இல்லாத பகுதியை மங்கச் செய்யும். இவை யாவும் பொருள்கோடற் செயல்களே. ஆனால் நிரலொன்றின் பொருள் இதுவே என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் எடிற்றருக்கு இல்லை. அவ்வதிகாரம் கம்பைலர் எனப்படும் தொகுப்பானுக்கே உரியது. மனிதர் எழுதிய நிரலைப் பொறி செய்யத்தக்க கட்டளைகளாக மாற்றுவது அதுவாதலின், அது கொண்ட பொருளே பொருள்.

சாதாரண நிரல் எழுதுவோனுக்கு இவ்வேறுபாட்டாற் பெருந்துன்பம் இல்லை. தொகுப்பான் வெளியே நிற்கும். எடிற்றர் அதன் கருத்தைக் கேட்டு வந்து சொல்லும். எடிற்றரை அமைத்தல் என்பது அவனுக்கு நிறம், எழுத்தின் பருமன், விசைகளின் ஒழுங்கு என்னும் சுவை வேறுபாடுகளின் அளவில் முடிந்துவிடும். வாசிக்கப்படும் நூல் தொகுப்பானின் மூலநிரலாகவே இருக்கும்போதுதான் நிலைமை மாறுகின்றது. திருத்தப்பட்டுக்கொண்டிருக்கும் தொகுப்பான் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அது தன் மூலத்துக்குத் தானே தீர்ப்புக் கூற இயலாது. வேறொரு தொகுப்பான் கூறவேண்டும். அஃது எது? பழைய பதிப்பா? வாசிப்போன் கணினியில் ஏற்கெனவே இருப்பதா? அன்றி, தொகுப்பானைப் போலப் பொருள்கொள்ளக் கற்ற மற்றொரு கருவியா? எடிற்றரின் அமைப்புக் கோப்பு என்னும் சிறு ஏடு இவ்வினாக்களுக்கு விடை கூறுகின்றது. அந்த ஏட்டை ஒட்டிவிட்டுச் செல்வதற்கு உரியதாகக் கொள்வோரே பலர். அது வாசித்து ஆராயத்தக்கது என்பதே இங்கு காட்டப்படுவது. ஜி.சி.சி., எல்.எல்.வி.எம்., றஸ்ற் என்னும் மூன்று தொகுப்பான்களின் மூலங்கள் இவ்வாராய்ச்சிக்குப் போதியன.

ஜி.சி.சி. 1987ஆம் ஆண்டு றிச்சாட் ஸ்ரோல்மன் வெளியிட்டது. அதன் மூலத்தொகுதியில், துணைக் கருவிகளுக்கென ஒதுக்கிய கோப்புறையில், விம் எடிற்றருக்கென ஒரு கோப்பு உண்டு. அது செய்வது யாதெனின், உள்தள்ளல் இரண்டு இடைவெளி, தாவற் குறி ஒன்றுக்கு எட்டு இடைவெளி என்றவாறு குனூ நடைக்குரிய வடிவத்தைக் காப்பதாகும். எழுத்தின் கோலத்தைக் காக்கும் அக்கோப்பு பொருளைப்பற்றி யாதும் பேசுவதில்லை. பொறிகளின் இயல்பை விரிக்கும் ஜி.சி.சி. கோப்புக்களுக்கு எம்.டி. என்னும் ஈற்றுப் பெயர் நெடுங்காலமாக வழங்குகின்றது. இக்காலத்து எடிற்றர்களோ அவ்வீற்றைக் கண்டதும் அதனை மார்க்டவுன் என்னும் எளிய கட்டுரை வடிவமெனக் கொண்டு, கட்டளைகளின் நடுவே தலைப்புக்களையும் சாய்வெழுத்துக்களையும் காணத் தொடங்கும்! நகைப்புக்குரிய இப்பிழை ஒருவரி அமைப்பால் நீங்குவது. ஆயினும் எடிற்றர் தானாகக் கொள்ளும் பொருள் எத்துணை எளிதாக வழுவும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஜி.சி.சி.யிடத்துக் குறை பிறிதோரிடத்து உள்ளது. தான் கொண்ட பொருளை வெளியிலுள்ள கருவிகளுக்கு முழுமையாக எடுத்துக் கொடுக்க அது நெடுங்காலம் இசையவில்லை. ஈமாக்ஸ் எடிற்றரும் ஜி.சி.சி.யும் ஒரே குனூ திட்டத்தின் பிள்ளைகள். இரண்டையும் தொடக்கியவர் ஸ்ரோல்மனே. அவ்வாறிருந்தும், ஈமாக்ஸுக்கு ஜி.சி.சி. தன் தொடரமைப்பு மரத்தைக் கொடுக்கலாமா என்னும் வினா 2014, 2015ஆம் ஆண்டுகளில் அத்திட்டத்தாரிடையே பெரும் விவாதமாயிற்று. முழு மரமும் வெளிவருமாயின் கட்டற்ற உரிமை வழங்காத கருவிகள் அதனைப் பற்றிக்கொண்டு தழைக்கும் என்பது ஸ்ரோல்மனின் அச்சம். அவ்வச்சம் காரணமற்றதன்று, உரிமைபற்றிய அவர் கொள்கையோடு இயைந்ததே. 2010ஆம் ஆண்டிற் செருகுநிரல்களுக்கு இடங்கொடுத்தபோதும், முந்திய ஆண்டில் உரிமப் பத்திரத்தின் விதிவிலக்கைத் திருத்தியமைத்த பின்னரே அது செய்யப்பட்டது. ஆனால் அதன் விளைவைச் சுமந்தவர் ஜி.சி.சி.யின் மூலத்தை வாசிக்க வந்த மாணவரே. உரை கூறுதற்கு முழுத்தகுதியுடைய ஆசிரியர் வாய்மூடியிருக்க, அவர் சொற்களைத் தேடிப்பார்க்கும் சிறு கருவிகளையே நம்பவேண்டியதாயிற்று.

எல்.எல்.வி.எம். இதற்கு நேர்மாறான வழியிற் சென்றது. இலினோய் பல்கலைக்கழகத்திற் கிறிஸ் லற்னர் 2000ஆம் ஆண்டிற் தொடங்கிய இத்திட்டம், தொகுப்பானைத் தனித்தனி நூலகங்களாகப் பகுத்து, வேண்டுவார் வேண்டியதை எடுத்துக்கொள்ள விட்டது. அதன் சி, சி++ முன்பகுதியாகிய கிளாங் 2007ஆம் ஆண்டிற் பொதுவெளிக்கு வந்தது. எடிற்றருக்கு உதவும் கிளாங்டி என்னும் கருவி, கிளாங்கின் நூலகங்களையே தன்னுட்கொண்டு பொருள் கூறுகின்றது. இங்கே உரையாசிரியரும் தீர்ப்பாளரும் ஒருவரே.

இக்கருவிக்கு வேண்டிய அமைப்பும் சிறிது. ஒவ்வொரு கோப்பும் எவ்வெக் கட்டளைகளோடு தொகுக்கப்படும் என்பதைக் கூறும் பட்டியல் ஒன்றை, கட்டுமானத்தை ஏற்பாடு செய்யும்போது சீமேக் என்னும் கருவி எழுதிக் கொடுக்கும். அதனை மூலத்தின் தலைக்கோப்புறையில் இருக்கச் செய்தாற் போதும். ஆயினும் இவ்வெளிமையில் ஒரு பொறி மறைந்துள்ளது. எல்.எல்.வி.எம். மூலத்தின் ஒரு பகுதி மனிதரால் நேரே எழுதப்படுவதன்று. தேபிள்ஜென் என்னும் கருவி, சுருங்கிய விவரக் கோப்புக்களிலிருந்து அதனைக் கட்டுமான வேளையில் ஆக்குகின்றது. ஒருமுறையேனும் கட்டாமல் எடிற்றரைத் திறந்தவன், இல்லாத கோப்புக்களைக் கேட்டு எழும் செங்கோடுகளையே காண்பான். நூலின் ஏடுகள் சில இன்னும் எழுதப்படவில்லை என்று எடிற்றர் அவனுக்குச் சொல்வதில்லை. நூல் பிழையுடையது என்றே சொல்லும். முன்னர்க் கட்டு, பின்னர் வாசி என்னும் ஒழுங்கு இங்கே கட்டாயமானது.

எல்.எல்.வி.எம். மூலம் நடுவயதினதாகிய சி++17 வரையறையைப் பின்பற்றி எழுதப்படுவது. ஆதலின் ஓரிரு ஆண்டு பழைய கிளாங்டியும் அதனைத் தடையின்றிப் படிக்கும். மூலத்தைத் திருத்துவதால் அதனைப் படிக்கும் கருவி பழையதாகிவிடுவதில்லை. தொகுப்பான் தன்னைத் தானே வாசிக்கும் வட்டம் இங்கே தளர்ந்தே உள்ளது.

அவ்வட்டம் இறுகி நிற்கும் இடம் றஸ்ற். கிறேடன் ஹோர் 2006ஆம் ஆண்டளவில் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய அம்மொழியின் முதற்றொகுப்பான் ஓகாமல் மொழியில் எழுதப்பட்டது. 2011ஆம் ஆண்டில் றஸ்ற் தன்னைத்தானே தொகுக்கும் நிலையை அடைந்தது; 2015ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் தேதி அதன் முதல் நிலைபெற்ற பதிப்பு வெளியாயிற்று. அதன்பின் ஆறு வாரத்துக்கொருமுறை புதுப் பதிப்பு வருகின்றது. இத்தொகுப்பானின் மூலம், பிறர் பயன்படுத்த இன்னும் அனுமதிக்கப்படாத றஸ்ற் மொழிக்கூறுகளைத் தாராளமாக எடுத்தாளுகின்றது. எனவே கணினியில் நிறுவியிருக்கும் நிலைபெற்ற தொகுப்பானிடம் இம்மூலத்தைக் கொடுத்தால், இக்கூறு உனக்கு உரியதன்று என்று அது மறுத்துவிடும். ஆதலால், பூச்சிய நிலை எனப்படும் படியில் முன்வெளிவந்த பீற்றாப் பதிப்பைத் தருவித்து, அதற்குச் சிறப்பு அனுமதி வழங்கி, அதனால் முதல் நிலைத் தொகுப்பானைக் கட்டி, அதனால் இரண்டாம் நிலையைக் கட்டுவர். மொழி மாறும் வேளைகளிற் பழைய தொகுப்பானுக்கு ஒரு பாடமும் புதிய தொகுப்பானுக்கு ஒரு பாடமுமாக ஒரே செய்தி மூலத்தில் இருமுறை எழுதப்பட்டிருப்பதும் உண்டு. எடிற்றர் அவ்விரண்டில் ஒன்றை மங்கச் செய்யும். எதனை மங்கச் செய்வது என்பது அமைப்பைப் பொறுத்தது. பாடபேதம் என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான இடம் நிரலுலகில் இல்லை.

இம்மூலத்துக்கு எடிற்றர் வழியே உரை கூறுவது றஸ்ற் அனலைசர் என்னும் கருவி. அதன் பிறப்பை அறிந்தாலன்றி அமைப்பின் கருத்து விளங்காது. எடிற்றர்களும் மொழிக்கருவிகளும் ஒன்றோடொன்று பேசுதற்குரிய பொதுநெறியொன்றை மைக்கிரோசொவ்ற் நிறுவனம் 2016ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒவ்வோர் எடிற்றருக்கும் ஒவ்வொரு மொழிக்குமெனத் தனித்தனியே கருவி செய்யும் வீண்வேலை அதனாற் குறைந்தது. அந்நெறியைப் பின்பற்றி றஸ்ற் திட்டத்தார் முதலிற் செய்த கருவி, தொகுப்பானை ஓட்டி அது எழுதிவைக்கும் குறிப்புக்களைப் படித்து விடை கூறியது. அதிகாரபூர்வமான விடைதான், ஆனால் காலந்தாழ்த்த விடை. மாணவன் ஒரு வரியைப் பாதி எழுதி நிற்கும்போது நிரல் எப்போதும் பிழையுடையதாகவே இருக்கும். முழுமை பெறாத நிரலை மறுப்பதே தொகுப்பானின் இயல்பு. எடிற்றருக்கோ முழுமை பெறாத நிரலே நாளாந்த உணவு.

இதனை உணர்ந்த அலெக்சே கிளாடொவ் 2018ஆம் ஆண்டளவில் வேறு வழியைத் தொடங்கினார். முறிந்த தொடரையும் படிக்கவல்ல பகுப்பி, வேண்டியபோது வேண்டிய அளவே கணிக்கும் முறை என்பவற்றோடு, றஸ்ற் மொழியின் முன்பகுதி ஏறக்குறைய முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. 2022ஆம் ஆண்டில் இக்கருவி றஸ்ற் திட்டத்தின் உறுப்பாக ஏற்கப்பட்டது, முந்தியது கைவிடப்பட்டது. இங்ஙனம் றஸ்ற் மொழிக்குப் பொருள் கூறுவோர் இருவராயினர். சொற்பிரிப்பு முதலிய சில பகுதிகளை இருவரும் பொதுவிற் கொண்டுள்ளனர். எஞ்சியவற்றில் ஒருவர் கூறுவது மற்றவர் கூறுவதோடு ஒவ்வாமற் போதல் இயல்பே.

இனி, றஸ்ற் திட்டம் தன் மூலத்தோடு வழங்கும் அமைப்புக் கோப்பை நோக்கலாம். மூலத்தைத் தருவித்தவன் எக்ஸ் டொட் பை என்னும் கட்டுமான நிரலின் ஏற்பாட்டுக் கட்டளையை இட்டால், அது வினாக்கள் சிலவற்றைக் கேட்டு, வீ.எஸ். கோட், விம், ஈமாக்ஸ், ஹீலிக்ஸ் முதலிய எடிற்றர்களுக்குரிய அமைப்பை எழுதிக் கொடுக்கும். அதன்கண் உள்ள வரிகள் சில பத்தே. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அதிகாரத்தை நியமிப்பது.

கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் அனலைசர் வழக்கமாகக் கார்கோ என்னும் பொதுக் கருவியை ஓட்டிப் பிழை காணும். இங்கே அவ்வழக்கம் நீக்கப்பட்டு, எக்ஸ் டொட் பையின் சோதனைக் கட்டளை அவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே செங்கோடு இடும் உரிமை பூச்சிய நிலைத் தொகுப்பானுக்குச் செல்கின்றது. நிரலை ஒழுங்குசெய்யும் கருவிக்கும் இவ்வாறே ஒரு பாதை குறிக்கப்பட்டுள்ளது. மாணவன் கணினியிலுள்ள ஒழுங்குகருவி வேறு பதிப்பினதாயின், தொடாத வரிகளையும் மாற்றியமைத்துவிடும். அவன் அனுப்பும் திருத்தம் தேவையற்ற மாற்றங்களால் நிறைந்து, திட்டத்தின் தூய்மைச் சோதனையில் தோற்கும். நிரலை ஆக்கும் நிரல்களாகிய செய்முறை மாக்குரோக்களை விரிப்பதற்குரிய துணைக் கருவியும் பூச்சிய நிலைக் கோப்புறையிலிருந்தே எடுக்கப்படுகின்றது. மாக்குரோவைத் தொகுத்த பதிப்பும் அதனை விரிக்கும் பதிப்பும் ஒன்றாதல் வேண்டும் என்பதே காரணம். அடிப்படை நூலகத்துக்கும், கணினியில் நிறுவிய பிரதியை விட்டு, அம்மூலத்தொகுதியிலேயே உள்ள பிரதி சுட்டப்பட்டுள்ளது.

இவ்வமைப்பின் சிறப்பு வசதியில் மட்டும் அமைந்ததன்று. இன்ன செய்திக்கு இன்னார் சான்று என்று வகுத்திருப்பதே அதன் சிறப்பு. விரைந்து சொல்லவேண்டிய வகை, இடம், நிறைவு என்பவற்றை அனலைசர் சொல்லும். சரி, பிழை என்னும் முடிவைத் தொகுப்பான் சொல்லும். ஜி.சி.சி.யில் ஆசிரியர் பேசவில்லை, எல்.எல்.வி.எம்.மில் ஒருவரே பேசினார். றஸ்ற் மட்டுமே இருவர் பேசுவதை ஒத்துக்கொண்டு இருவருக்கும் எல்லை வகுத்தது. இம்மூன்றனுள் இதுவே மேலானது எனலாம்.

இன்னொரு நுட்பமும் பாராட்டத்தக்கது. திட்டத்தார் முன்னர் வழங்கிய அமைப்புக் கோப்புக்கள் ஒவ்வொன்றின் அடையாள எண்ணும் கட்டுமான நிரலினுள்ளே பதிக்கப்பட்டுள்ளது. மாணவனிடமுள்ள கோப்பு பழைய பதிப்புக்களில் ஒன்றோடு ஒத்திருந்தால், இது காலங்கடந்தது, மாற்றலாமா என்று அது கேட்கும். ஒன்றோடும் ஒவ்வாதாயின், மாணவன் தானே திருத்தினான் என உணர்ந்து, அவன் இசைந்தாலன்றி மாற்றாது. மாற்றுமிடத்தும் பழையதற்கு ஒரு படி எடுத்து வைக்கும். தன் உரையையும் வாசிப்போன் ஓரத்தில் எழுதிய குறிப்பையும் பகுத்தறியும் இப்பண்பு அச்சிட்ட நூல்களின் பதிப்பாசிரியர் சிலரிடத்தும் காணக் கிடையாதது.

குறைகளும் உள. முதலாவது, எந்த அமைப்பாலும் தீராதது. றஸ்ற் தொகுப்பானின் உள்ளே, ஒரு பெயரின் வகை யாது என்பன போன்ற வினாக்களைத் தொகுப்பான் தனக்குத்தானே கேட்டு விடை பெறும் ஓர் ஏற்பாடு உண்டு. அவ்வினாக்கள் அனைத்தும் நடுத்தொகுதி ஒன்றில் ஒரு பெரிய மாக்குரோவினால் அறிவிக்கப்படுகின்றன. விடை கூறும் நிரலோ வேறு தொகுதிகளிற் சிதறிக் கிடக்கின்றது. தொகுப்பான் ஓடத் தொடங்கும்போதே வினாவும் விடையும் ஒரு பட்டியலின் வழியாக இணைக்கப்படுகின்றன. ஆகவே, ஒரு பெயரின் வகையைக் கேட்கும் வினாவின்மீது சுட்டியை வைத்து அதன் வரையறைக்குச் செல்ல விரும்பும் மாணவன், அவ்வினாவின் அறிவிப்பை மட்டுமே சென்றடைவான். அதன் விடை மேனிலைப் பகுப்பாய்வுத் தொகுதியில், சேகரிப்புப் பகுதியிலே இருக்கின்றது. அங்கே செல்ல எடிற்றர் வழி காட்டாது. பழைய முறையிற் சொல்லைத் தேடியே காணவேண்டும். எடிற்றர் பொய் சொல்லவில்லை. ஆனால் தேடியது கிடைத்துவிட்டது என்னும் மயக்கத்தைத் தந்து நின்றுவிடுகின்றது. தொகுப்பானைக் கற்க வருவோர் முதலில் வழிதவறும் இடங்களில் இஃது ஒன்று.

இரண்டாவது குறை செலவு. இத்தொகுப்பானைக் கட்டுதற்கு 30 கிகாபைற்று வெற்றிடமும், 8 கிகாபைற்று நினைவகமும், இரண்டு கருக்களும் வேண்டும் என்று திட்டத்தின் வழிகாட்டி நூல் கூறும். எடிற்றர் பின்னணியிற் சோதிக்கும்போது மாணவன் முனையத்தில் வேறொரு கட்டளை இட்டால், ஒன்று மற்றொன்றுக்காகக் காத்துநிற்கும். இதனைத் தவிர்க்க எடிற்றருக்கெனத் தனிக் கட்டுமானக் கோப்புறை வைக்கலாம் என்று அந்நூலே கூறி, போதிய இடம் இருந்தால் என்னும் நிபந்தனையையும் சேர்க்கின்றது. நிபந்தனை சிறியது, அதனுட் புகமுடியாதார் தொகை சிறியதன்று. பழைய மடிக்கணினி ஒன்றையே உடைய மாணவன் சேமிக்குந்தோறும் பெருஞ்சோதனை ஓடுவதைப் பொறுக்கமாட்டாது, அதனை நிறுத்திவிடுவான். நிறுத்தியவுடன் தீர்ப்பாளர் வெளியேறுகிறார். அனலைசர் மட்டுமே எஞ்சுகின்றது. எடிற்றரின் தோற்றத்திலோ மாற்றம் எதுவும் இல்லை. செங்கோடு இல்லாமை முன்னர்த் தொகுப்பானின் ஒப்புதலைக் குறித்தது. இப்போது எவரும் பார்க்கவில்லை என்பதையே குறிக்கின்றது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் திரையில் எங்கும் வைக்கப்படவில்லை. சோதனையைச் சேமிக்குந்தோறும் ஓட்டாது, மாணவன் வேண்டியபோது முனையத்தில் ஓட்டும் முறையையும் வழிகாட்டி நூல் சிறிய கணினிக்குரிய ஒழுங்காக வகுத்துக் கூறியிருப்பின் இம்மயக்கம் பெரிதும் குறைந்திருக்கும்.

மூன்றாவது குறை, அமைப்புக் கோப்பு வழங்கப்படும் முறையைச் சார்ந்தது. வினாவுக்கு ஆம் என்று விடையிறுத்தவுடன் கோப்பு தன்னிடத்தில் வந்து அமர்ந்துவிடுகின்றது. அதனைத் திறந்து பார்த்தற்கு மாணவனுக்கு ஒரு காரணமும் கொடுக்கப்படவில்லை. பாதைகளும் கட்டளைகளும் நிரம்பிய அக்கோப்பில், இது பூச்சிய நிலையைச் சுட்டுவது ஏன், இங்கே பொதுக் கருவி விலக்கப்பட்டது ஏன் என்னும் விளக்கங்கள் வரிதோறும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். தன்னைத்தானே தொகுக்கும் முறையை விரிக்கும் நீண்ட அதிகாரம் வழிகாட்டி நூலிலேயே உண்டு. எடிற்றரை அமைக்கும் பகுதியும் அதே நூலில் உண்டு. பின்னது முன்னதன் சிறந்த உதாரணம் என்பதை மாணவன் தானே கண்டுகொள்ள விடப்பட்டுள்ளான்.

இவ்வளவும் கூறியபின் எடிற்றரின் திரையிலுள்ள ஒரு சிறு எழுத்தைச் சுட்டாதிருத்தல் முறையன்று. வீ.எஸ். கோட் எடிற்றரிற் செங்கோட்டின்மீது சுட்டியை நிறுத்தினால் பிழைச்செய்தி தோன்றும். அச்செய்தியின் ஈற்றில், மங்கிய எழுத்தில், அதனைச் சொன்னவரின் பெயர் இருக்கும். றஸ்ற் தொகுப்பானின் பெயர் இருந்தால் அது தீர்ப்பு. அனலைசரின் பெயர் இருந்தால் அது கருத்து. இருவரும் ஒரே நிறத்திற் கோடிடுவதால், அப்பெயரைப் பார்க்கப் பழகாதவன் கருத்தைத் தீர்ப்பெனக் கொண்டு சரியான நிரலைத் திருத்தப் புகுவான். இரண்டு கோடுகளுக்கும் வேறு வேறு நிறம் கொடுக்கும் அமைப்பு, வழங்கப்படும் கோப்பில் இடம்பெறவில்லை.